ஊசிக்குக் கேட்ட கிரைண்டர்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீணை எல்.பி. இசைத்தட்டு ஒன்றைப் போட்டிருந்தேன். முதல் கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வரும் வெற்று இடைவெளியில் ஊசி போய்க்கொண்டிருந்தது. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு ஸ்பீக்கரிலும் தாழ்ந்த ஒலி தரும் வூஃபர் கூம்பின் விளிம்பு மங்கித் தெரியும் அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தால் அதிர்வு தெரிந்தது. ஊசியைத் தூக்கினேன், நின்றது. மறுபடி வைத்தேன், நடுங்கியது.

இன்னொரு குறையும் சில மாதங்களாகவே இருந்தது. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு சாப்பு விழுந்தால், அதன் வாலில் மெல்லிய உலோக ரீங்காரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதே தட்டை நண்பர் வீட்டில் போட்டால் வருவதில்லை.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள், ஒன்பது கிலோ எடை, பெல்ட் டிரைவ். அதில் ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ். அந்தச் சன்னமான சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப். அது வால்வில், அதாவது பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் ஓடுவது, இரண்டு 12ஏஎக்ஸ்7, ஒரு 12ஏயூ7 வகை. ஸ்பீக்கரை ஓட்ட, நான்கு இஎல்34 வால்வு ஜோடி ஜோடியாக வேலை செய்யும் புஷ்புல் பவர் ஆம்ப். ஸ்டாண்டில் நிற்கும் சின்ன ஸ்பீக்கர்கள். எல்லாம் எட்டு வருடத்தில் ஒவ்வொன்றாகப் பழையதாக வாங்கிச் சேர்த்தவை. மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி வீடு, இரண்டு தெரு தள்ளி ரயில் பாதை.

இரண்டு குறைக்கும் வால்வுதான் காரணம் என்று முடிவுகட்டி, நல்ல வால்வு தேடி ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, “தம்பி, வால்வு வாங்கறது அப்புறம். சாக்கெட்டைத் துடைச்சியா? ஹீட்டருக்கு எத்தனை வோல்ட் வருதுன்னு பார்த்தியா?” என்றார்.

“இல்ல சார்.”

“அதைப் பார்க்காம வால்வு மேல பழி போடாதே.”

அன்று இரவே பவர் ஆம்பின் அடித்தகட்டைக் கழற்றினேன். சொல்லிவிடுகிறேன்: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். அதை வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

இஎல்34 சாக்கெட்டில் 2, 7 ஆகிய பின்களுக்கு நடுவே ஹீட்டர் வோல்ட்டேஜ், வால்வைச் சூடாக்கும் இழைக்குப் போவது. 6.3 இருக்க வேண்டும், 6.9 இருந்தது. சுவர் பிளக்கில் அளந்தால் 243 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரில் 220, 240 என்று இரண்டு டேப் (கம்பி இணைக்கும் முனை) இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 220 டேப்பிலேயே இத்தனை காலம் ஓடியிருக்கிறது. ஹீட்டர் பத்து சதவீதம் அதிகம். ஹை டென்ஷன் எனப்படும் அந்த உயர் டிசியும் அதே கணக்கில் ஏறி 448 வோல்ட். அதிகச் சூட்டில், எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடின் மேல் பூச்சு சீக்கிரம் தேய்கிறது, வால்வின் ஆயுள் குறைகிறது. நான் வாங்கிய காலத்திலிருந்தே இந்த ஆம்ப் வால்வுகளை வேகமாகத் தின்றதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கம்பியை 240 டேப்புக்கு மாற்றிப் பற்றவைத்தேன். ஹீட்டர் 6.35, ஹை டென்ஷன் 411. ஒரே ஒரு கம்பி. நம் ஊரில் வால்வு ஆம்ப் வைத்திருக்கும் எல்லோரும் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை அளந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய இஎல்34கள் களைத்துப்போயிருந்தன. ஸ்லோவாக்கியாவில் தயாராகும் ஜேஜே நான்கை வாங்கிச் செருகினேன். பாட்டு இல்லாதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைப்பதுதான் பயாஸ். அதன் கணக்கு எளிது. இஎல்34இல் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடான பிளேட் தாங்கும் வெப்பம் 25 வாட். இந்த ஆம்ப் ஓடும் ஏபி வகுப்பில் அதன் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம், அதாவது 17.5 வாட். 411 வோல்ட்டுக்கு 42 மில்லி ஆம்பியர் வரும். நான் 38இல் வைக்க முடிவு செய்தேன். கேத்தோடில் 10 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மீட்டரில் 380 மில்லிவோல்ட் பார்த்தால் போதும்.

மூன்று வால்வுகள் சொன்னபடி நின்றன. நான்காவதில் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. 400, 600, 1000. அப்படியென்றால் 100 மில்லி ஆம்பியர், 41 வாட். நிமிர்ந்து பார்த்தால் சாம்பல் நிறப் பிளேட்டின் நடுவில் செம்மை படர்கிறது. சுவிட்சை அணைத்தபோது கை நடுங்கியது.

முதலில் வால்வைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதை இன்னொரு சாக்கெட்டில் போட்டால் ஒழுங்காக 380 காட்டியது. அப்போதுதான் பெரியவர் சொன்னது உறைத்தது. நான்காவது சாக்கெட்டில் 5ஆம் பின்னின் பிடி விரிந்து தளர்ந்திருந்தது. 5ஆம் பின் என்பது கட்டுப்பாட்டு கிரிட். எதிர்மின் பயாஸ் அதன் வழியாகத்தான் வால்வுக்குப் போகிறது. தொடர்பு விட்டுப்போனால் மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. தைக்கும் ஊசியால் அந்தப் பிடியை நெருக்கி, எல்லாச் சாக்கெட்டையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பல் இடுக்குத் துலக்கும் குட்டி பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தேன். பிரஷ்ஷில் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் நான்கும் நாள் முழுக்க அசையாமல் நின்றன.

அடுத்தது பிரீஆம்ப். மிருதங்கத்தின் வாலில் வரும் ரீங்காரத்துக்கு இங்கேதான் விடை இருந்தது. வால்வுக்குள் கிரிட் என்பது மெல்லிய கம்பிச் சுருள், கேத்தோடுக்கு மிக அருகில் நிற்கிறது. வால்வு அதிர்ந்தால் அந்த இடைவெளி மாறும், மாறினால் மின்னோட்டமும் மாறும். வால்வே மைக் ஆகிவிடுகிறது. ஃபோனோ பிரீஆம்பில் இது பெரிய தொல்லை. கார்ட்ரிட்ஜ் தருவதே ஐந்து மில்லிவோல்ட் அளவுதான், அதை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்க வேண்டும். முதல் வால்வில் நுழையும் சின்ன அதிர்வும் பின்னால் உள்ள எல்லாக் கட்டங்களிலும் பெருகிவிடும். ஆகவே அமைதியான வால்வு முதல் சாக்கெட்டில் இருக்க வேண்டும். விலை அதிகமான வால்வு அங்கே போக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

கையில் சேர்ந்த 12ஏஎக்ஸ்7 ஆறு. ஐரோப்பியப் பெயரில் இசிசி83, இரண்டும் ஒன்றே. ரஷ்யாவின் சரதோவ் ஆலையிலிருந்து வரும் நீளப் பிளேட் வால்வுகள் இரண்டு, ஜேஜே ஒன்று, பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய முல்லார்டு ஒன்று. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த, நாம் பெல் என்று சொல்லும் வால்வுகள் இரண்டு, பெரியவர் கடையில் பழைய அட்டைப் பெட்டியோடு கிடைத்தவை. ஏழாவதாக இணையத்தில் ஒன்று வாங்கித் திருப்பி அனுப்பினேன். கண்ணாடியில் பழைய ஜெர்மன் நிறுவனமான டெலிஃபங்கனின் பெயர் அச்சாகியிருந்தது. ஆனால் டெலிஃபங்கன் தன் ஆலையில் செய்த இந்த வகை வால்வுகளின் அடியில், பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே சின்ன வைர வடிவம் பதிந்திருக்கும். இதில் அது இல்லை. பெயரை யாரும் அச்சடிக்கலாம், வார்க்கும்போதே கண்ணாடியில் பதிந்ததை அப்படிச் செய்ய முடியாது.

ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, பிரீஆம்பின் வெளியீட்டை மடிக்கணினிக்குக் கொடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். வால்வு சூடாகப் பத்து நிமிடம். பிறகு பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்ல ஒரு தட்டு. நீளப் பிளேட் வால்வுகள் இரண்டும் கோயில் மணிபோல இழுத்தன, ஒரு நொடிக்கு மேல். மிருதங்கத்தோடு வந்த அதே ரீங்காரம். ஜேஜேயிலும் பெல்லிலும் பிளேட் குட்டை. தட்டினால் ‘டொக்’ என்று வந்து அதோடு அடங்கிவிட்டது. இந்த வகை வால்வில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி உண்டு. முல்லார்டில் ஒரு பாதி அருமை, மறுபாதியில் அவ்வப்போது பொரிவது போன்ற சத்தம்.

பெல் ஒன்று முதல் சாக்கெட்டுக்குப் போனது, ஜேஜே இரண்டாவதுக்கு. ரீங்காரம் போயே போய்விட்டது. அன்று அதே தட்டைப் போட்டுக் கேட்டபோது, சாப்பு விழுந்து தோல் அடங்குவது வரை காதால் பின்தொடர முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொனியைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் வால்வு மாற்றுவோர் பெரும்பாலும் பேசுவது அதைத்தான். ரீங்காரம் இல்லாத வால்வுகளுக்குள் தொனி வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க, பெல்லையும் ஜேஜேயையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லித் தங்கையிடம் கேட்டேன். பத்து தடவையில் ஆறுதான் சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டினாலே ஐந்து வந்துவிடும். இரைச்சலில், மைக்போல் ஒலிப்பதில், இரண்டு பாதியும் சமமாக இருப்பதில் வால்வுக்கு வால்வு பெரிய வேறுபாடு உண்டு. நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

வகை மாற்றிப் போடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஒன்பது பின் இருக்கிறது, உள்ளே போகிறது என்பது போதாது. 12ஏஎக்ஸ்7இல் 9ஆம் பின் ஹீட்டரின் நடு இணைப்பு, 6டிஜே8 என்ற இன்னொரு வகையில் அதே பின் உள் தடுப்புத் தகடு. ரஷ்ய 6என்2பி குணத்தில் 12ஏஎக்ஸ்7க்கு நெருக்கம், ஆனால் அதன் ஹீட்டர் இணைப்பு வேறு, நேராகச் செருகக் கூடாது. 6டிஜே8க்குப் பதில் 6என்1பி போடுகிறவர்கள் உண்டு. அது இழுப்பது 600 மில்லி ஆம்பியர், 6டிஜே8 கேட்பதோ 365. டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்க வேண்டும். 12ஏஎக்ஸ்7 இடத்தில் 12ஏடி7 பின் அளவில் பொருந்தும், ஆனால் பெருக்கம் 100இலிருந்து 60க்கு இறங்கும், உள் மின்தடையும் மாறும். ஃபோனோவுக்குப் பின்னால் வரும் லைன் கட்டத்தில் பரவாயில்லை. ஃபோனோவில், எல்.பி.யில் குறைத்துப் பதித்த பாஸை உயர்த்தி, கூட்டிப் பதித்த டிரெபிளைத் தாழ்த்தும் ஆர்ஐஏஏ சுற்று அந்த மின்தடையையும் கணக்கில் வைத்து அமைத்ததாக இருந்தால், பாஸும் டிரெபிளும் தடம் மாறிவிடும். ஃபோனோவில் வரைபடத்தில் இருக்கும் வகையை மட்டுமே போடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வூஃபர் மறுபடி நடுங்கியது.

இந்த முறை வால்வைத் தொடவில்லை. மோட்டாரை நிறுத்தி, சுற்றாத தட்டின் மேல் ஊசியை இறக்கி வைத்துப் பதிவு செய்தேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலையில் 24 ஹெர்ட்ஸில் ஒரு கம்பம் எழுந்து நின்றது. அரை மணி கழித்து அது சட்டென்று மறைந்தது. அதே நேரம் கீழ் வீட்டில் மாமி, “மாவு ஆயிடுத்து, பாத்திரம் கொண்டா” என்று மகளைக் கூப்பிடுவது கேட்டது. நம் வீடுகளில் இருக்கும் வெட் கிரைண்டரின் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று. அறுபதால் வகுத்தால் 24.

கிரைண்டர் தரையை ஆட்டுகிறது, தரை சுவரை, சுவர் எங்கள் தளத்தை, தளம் அலமாரியை, அலமாரி ஊசியை. கையால் தொட்டால் தெரியாத ஆட்டம் அது. ஆனால் ஆர்ஐஏஏ சுற்று தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிவிடுகிறது, 20 ஹெர்ட்ஸ் அருகில் 19 டெசிபல், அதாவது ஒன்பது மடங்கு. நடுவில் ரயில் போனதும் பதிவில் தெரிந்தது, 10 முதல் 30 வரை ஒரு மேடு. மேற்கத்திய நாடுகளில் எழுதப்படும் யோசனைகள் பலவும் மரத்தரை வீட்டுக்கானவை, நடந்தால் ஊசி குதிக்கும் பிரச்சினைக்கு மருந்து சொல்பவை. நம் கான்கிரீட் தளத்தில் நான் நடந்தால் ஒன்றும் ஆவதில்லை. இங்கே வருவது மோட்டார்களும் ரயிலும்.

முதலில் வாங்கியது, அதிர்வை உறிஞ்சும் சார்போதேன் என்ற மெத்தைப் பொருளில் ஆயத்தமாக விற்கும் அரைக்கோளங்கள் நான்கு. வைத்துப் பதிவு செய்தால் 24 ஹெர்ட்ஸ் கம்பம் இம்மியும் குறையவில்லை. காரணம் அந்தப் பொருளில் இல்லை, எடையில் இருக்கிறது. மெத்தை எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் அதன் இயல்பு அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அமுங்கும் மில்லிமீட்டரின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை வரும். என்னிடம் இருந்தவை கனமான பெட்டிக்கானவை. ஒன்பது கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் அமுங்கின, ஆக 16 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேல்தான் தடுப்பு தொடங்கும், அதாவது 22க்கு மேல். அதற்குக் கீழே மெத்தை அதிர்வைக் கூட்டத்தான் செய்யும். ரயில் மேடு உண்மையிலேயே கொஞ்சம் உயர்ந்திருந்தது. பித்தளைக் கூம்புகளையும் வைத்துப் பார்த்தேன். அவை அலமாரியோடு இறுக்கிக் கட்டுகின்றன, பிரிப்பதில்லை. இந்த வேலைக்கு அவை ஆகாது.

எனக்கு வேண்டியது 3.5 ஹெர்ட்ஸ். கணக்குப்படி 20 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். இதற்கு ஸ்பிரிங்தான் வழி. எட்கர் வில்ச்சர் 1961இல் ஏஆர் நிறுவனத்துக்காகச் செய்த டர்ன்டேபிளில், இசைத்தட்டு சுற்றும் பிளாட்டரையும் ஊசியைத் தாங்கும் ஆர்மையும் சேர்த்து மூன்று ஸ்பிரிங்கில் தொங்கவிட்டதும் இதே எண்ணத்தில்தான். என் டர்ன்டேபிளைப் பிரிக்க மனம் வரவில்லை, மொத்தத்தையும் தூக்கி ஸ்பிரிங் மேடையில் வைக்க முடிவு செய்தேன்.

சமையல் மேடைக்கு அறுத்து மீந்த கறுப்பு கிரானைட், 50க்கு 40 சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் கனம், 11 கிலோ. டர்ன்டேபிளோடு 20 கிலோ. நான்கு ஸ்பிரிங்கென்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிலோ. ஐந்து கிலோவுக்கு 20 மில்லிமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்குக் கால் கிலோ. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சமையலறைத் தராசின் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, ஸ்கேல் வைத்து அமுக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர் பொறுமையாக நாற்காலி போட்டுக் கொடுத்தார். உயரத்தைவிட விட்டம் ரொம்பக் குறைந்த ஸ்பிரிங் பக்கவாட்டில் மடங்கிவிடும், ஆகவே குட்டையும் தடிமனுமாக, 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு எடுத்தேன்.

முதலில் மூலைகளில் வைத்தேன். மேடை சாய்ந்தது. டர்ன்டேபிளின் எடை நடுவில் இல்லை, மோட்டார் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அந்தப் பக்க ஸ்பிரிங்குகளை உள்ளே நகர்த்தி நகர்த்தி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்க ஒரு முழு ஞாயிறு போனது. அப்புறம் இன்னொரு சிக்கல்: லேசாகத் தொட்டாலும் மேடை பத்துப் பதினைந்து தடவை ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தது. சோபா மெத்தையின் நுரைத்துண்டை ஸ்பிரிங்குக்குள் நெருக்கமாகத் திணித்ததும் மூன்று ஆட்டத்தில் நின்றது. செல்போனை மேடையில் வைத்து ஃபைஃபாக்ஸ் செயலியில் முடுக்கமானி அளவைப் பார்த்தேன், 3.7 ஹெர்ட்ஸ். நுரை கொஞ்சம் விறைப்பு கூட்டியிருக்கிறது, பாதகமில்லை.

ஒன்றைச் சரிபார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வெண் வைத்திருக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. எடையையும் ஊசியின் இளக்கத்தையும் (அது எவ்வளவு எளிதில் வளைகிறது என்ற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதால் வகுக்க வேண்டும். என்னுடையது ஆர்ம், கார்ட்ரிட்ஜ், திருகு சேர்த்து 17 கிராம், இளக்கம் 18. விடை 9 ஹெர்ட்ஸ். மேடையின் 3.7இலிருந்து தள்ளி நிற்கிறது. இரண்டும் நெருங்கியிருந்தால் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.

அடுத்த மாவரைப்புக்குக் காத்திருந்து பதிவு செய்தேன். 24 ஹெர்ட்ஸ் கம்பம் 25 டெசிபல் இறங்கியிருந்தது. கணக்கு 30க்கு மேல் சொன்னது. நுரையும், சிக்னல் கேபிள் வழியாகப் போகும் அதிர்வும் மிச்சத்தைத் தின்றிருக்கும். விறைப்பான கேபிளை மாற்றி, மெல்லியதைத் தளர வளைத்து விட்டதில் இன்னும் இரண்டு டெசிபல் குறைந்தது.

பிரீஆம்பையும் ஸ்பிரிங்கில் ஏற்றலாமா என்று தோன்றியது. அதற்கு முன் அதற்கு அதிர்வு எந்த வழியாக வருகிறது என்று பார்த்தேன். ஊசியைத் தூக்கிவிட்டு, செல்போனிலிருந்து நேராகப் பவர் ஆம்புக்குப் பாட்டைக் கொடுத்து, ஃபோனோ வெளியீட்டைப் பதிவு செய்தால், அந்தப் பாட்டின் சாயல் மெலிதாக அதில் விழுந்திருந்தது. பெட்டியைக் கையால் தூக்கிப் பிடித்தபோதும் அதே அளவு. ஆக, தரை வழியாக வரவில்லை, காற்றில் வந்து கண்ணாடியில் மோதுகிறது. காலுக்கு எது வைத்தாலும் இது போகாது. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே இருந்த பிரீஆம்பைப் பக்கச் சுவரோரம் கொண்டுபோனேன், பெரும்பகுதி போய்விட்டது. முதல் வால்வின் கழுத்தில் சிலிகோன் வளையம் இரண்டு மாட்டியதில் கொஞ்சம் குறைந்தது. சாதாரண ரப்பர் வளையம் சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். இஎல்34க்கு எந்த வளையமும் மாட்டவில்லை. அதன் கண்ணாடிச் சூடு வேறு ரகம், அந்தக் கட்டத்தில் இந்தத் தொல்லையும் பொருட்டில்லை.

போன சனிக்கிழமை கீழே கிரைண்டர் ஓடும்போது அதே வீணைத் தட்டைப் போட்டேன். வெற்று இடைவெளி வந்ததும் எழுந்து போய் வூஃபரில் விரலை வைத்தேன். அசைவில்லை. பின்னால் தம்பூரா தொடங்கியது, அதன் நான்கு தந்தியும் தனித்தனியாக.

முல்லார்டின் பொரியும் பாதிக்கு மட்டும் இன்னும் முடிவு தெரியவில்லை. பின்களைத் துடைத்துப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை பெரியவரிடம் கொண்டுபோய் அவருடைய டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.